வாங்கும்போது 2 அங்குலம். வளர்ந்தால் ஒன்றரை அடி! ‘டேங்க் கிளீனர்’ மீனின் மறுபக்கம்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மீனைத் தெரியாமல் இருக்காது.

தங்க மீன் மினுக்கும். ஏஞ்சல் மீன் ஒய்யாரமாக நீந்தும். தொட்டியின் ஒரு மூலையில் மட்டும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, கறுப்பும் பழுப்புமாக ஒரு ஜீவன் அசையாமல் கிடக்கும். விரலால் தட்டினாலும் நகராது.

கடையில் இதற்கு ‘டேங்க் கிளீனர்’ என்று பெயர். ‘சக்கர் மீன்’ என்பவர்களும் உண்டு.

“இதுல ஒண்ணு போட்டுக்குங்க சார். பாசி, அழுக்கு எல்லாத்தையும் தின்னுடும். தொட்டி கழுவுற வேலையே இல்லை!”

கலர் மீன் வாங்கப் போனவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. டிபன் சாப்பிடும் காசுதானே என்று ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அந்த வசனத்தில் பாதி நிஜம். மீதிப் பாதியால் வீட்டுக்காரருக்கும் தொல்லை, மீனுக்கும் தொல்லை. கடைசியில் ஊர் ஏரிக்கும் தொல்லை!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அமேசான் ஆசாமி

இந்த மீனின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோகோ போன்ற பெரிய ஆறுகளும் அவற்றின் கிளை ஆறுகளும்தான் சொந்த ஊர். நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் கெளுத்திக்கு வழவழப்பான தோல். இதற்கு உடம்பு முழுவதும் எலும்புத் தகடு. ஓடு வேய்ந்த கூரை மாதிரி வரிசை வரிசையாகக் கவசம்!

இந்தக் குடும்பத்தில் மட்டும் சுமார் 1,000 வகைகள் உண்டு. உலகத்தில் உள்ள கெளுத்திக் குடும்பங்களில் இதுவே பெரியது.

1758-ம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு ‘பிளெகோஸ்டோமஸ்’ என்று பெயர் வைத்தார். ‘மடிப்பு வாய்’ என்று அர்த்தம். கவசத்தைப் பார்த்ததும், குளிர் நாட்டு ஸ்டர்ஜன் மீனோடு சேர்த்துவிட்டார். வகைப்படுத்தல் பிற்பாடு மாறியது. பெயர் நின்றுவிட்டது. அதைச் சுருக்கித்தான் மீன் வளர்ப்பவர்கள் இன்றைக்கும் ‘பிளெகோ’ என்கிறார்கள்.

ஆனால் இப்போது கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் ‘டெரிகோப்ளிக்திஸ்’ என்ற இன்னொரு இனம். கண்டுபிடிப்பது சுலபம். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். பாய்மரம் மாதிரி அகலமாக, பத்துக்கும் மேற்பட்ட கதிர்களோடு இருந்தால் இந்த இனம்தான். பழைய இனத்துக்கு ஏழெட்டுக் கதிர்களே இருக்கும்.

வெளிர் மஞ்சள் நிறத்தில் ‘ஆல்பினோ’ என்று விற்பதும் இதன் உடன்பிறப்பே. நிறம்தான் வேறு. வளர்த்தியில் குறைச்சல் இல்லை.

வாயும் கண்ணும்

வேகமாக ஓடும் ஆற்றில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, பாறையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்காக அமைந்ததுதான் அடிப்பக்கம் இருக்கும் உறிஞ்சு வாய். வாயால் ஒட்டிக்கொண்டே மூச்சும் விடும், பாசியும் சுரண்டும்.

கண்ணும் விசேஷம். வெளிச்சம் அதிகமானால் கண்ணின் மேல்புறத்திலிருந்து ஒரு மடிப்பு இறங்கி, கண்மணியைக் குதிரை லாடம் போல் சுருக்கிவிடும். இருட்டினால் மடிப்பு விலகும். இது ராத்திரி ஜீவன். பகலெல்லாம் மூலையில் கிடக்கும் மீன் விளக்கை அணைத்த பிறகு தொட்டியையே ஒரு கலக்குக் கலக்குவது அதனால்தான்.

இன்னொரு வித்தை, தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிவிடும். விழுங்கிய காற்றை வயிறே நுரையீரல் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்! சாக்கடை மாதிரி கலங்கிய தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியேகூடப் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

“ஆயுசு கெட்டிப்பா இதுக்கு!” என்று வியக்கலாம். அந்த ஆயுசுதான் பின்னால் வம்பு.

அழுக்கைத் தின்னுமா?

பாசியைத் தின்னும். அது வாஸ்தவம். குட்டியாக இருக்கும்போது கண்ணாடியைப் பளபளவென்று வைக்கும்.

ஆனால் மற்ற மீன்களின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பது கட்டுக்கதை. இதுவே தொட்டியில் அதிகம் கழிவு போடும் மீன்களில் ஒன்று. நீள நீளமாக நூல் மாதிரி தரையெல்லாம் கிடக்கும். சுத்தம் செய்ய வந்தவரே குப்பை போட்டுவிட்டுப் போனால் எப்படி?

வளர வளரப் பாசி தின்னும் ஆர்வமும் குறைந்துவிடும். மற்ற மீனுக்குப் போடும் தீனியிலேயே பங்குக்கு வந்துவிடும்.

பல வீடுகளில் இதற்கென்று தனியாகத் தீனி போடுவதே இல்லை. “அதான் பாசி இருக்கே” என்று விட்டுவிடுகிறார்கள். நாலு நாளில் கண்ணாடி சுத்தமாகிவிடும். அப்புறம்? பட்டினிதான்! கண் குழிந்து, வயிறு ஒட்டி, எத்தனையோ மீன்கள் இப்படிச் செத்துப் போகின்றன.

சில மீன்கள் பட்டினி பொறுக்காமல் வேறு வேலையில் இறங்கும். தங்க மீன், ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை உடம்பு மீன்கள் ராத்திரி அசந்திருக்கும்போது, அவற்றின் விலாவில் வாயை வைத்து வழவழப்பை உறிஞ்சிவிடும். காலையில் பார்த்தால் தங்க மீனுக்குச் செதில் பெயர்ந்து புண்ணாகி இருக்கும். “என்ன நோயோ தெரியலையே” என்று மருந்து ஊற்றுவோம். நோயாளி ஒருவர், காரணம் இன்னொருவர்!

என்ன போடலாம்?

நம் சமையல்கட்டிலேயே இதற்குச் சாப்பாடு இருக்கிறது.

வெள்ளரிக்காய், சுரைக்காய், கீரை, பட்டாணி. லேசாக வெந்நீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, துண்டு மிதக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லோடு கட்டித் தொட்டியில் இறக்க வேண்டும். விளக்கை அணைக்கும் நேரத்தில் போட்டால் ராத்திரியில் தின்னும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் கெடும். உப்பு, எண்ணெய் பட்டது கூடவே கூடாது. அடியில் போய்த் தங்கும் பாசித் தீனி வில்லைகளும் கடையில் கிடைக்கின்றன.

தொட்டிக்குள் ஒரு மரக்கட்டை போட்டு வைப்பது நல்லது. சுரண்டவும் ஆகும், ஒளிந்துகொள்ளவும் ஆகும்.

சென்னைச் சூட்டுக்கு ஹீட்டர் அனேகமாகத் தேவைப்படாது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் மீனின் செவுளைக் கெடுக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்கலாம். அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சொட்டு விடலாம்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, பில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள் சிலர். கூடாது! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசிப் பிழிந்தால் போதும்.

கணக்குப் போடுங்கள்!

சரி, சாப்பாடு போட்டு நன்றாக வளர்க்கிறோம். அப்புறம் என்ன ஆகும்?

வளரும்! அதுதான் விஷயம்.

வாங்கும்போது 2 அங்குலம், 3 அங்குலம். ஒழுங்காகத் தீனி கிடைத்தால் முதல் வருஷத்திலேயே அரை அடியைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் ஒன்றரை அடி. பத்து வருஷத்துக்கு மேலும் உயிர் வாழும்.

நடுத்தர வீடுகளில் வைத்திருக்கும் தொட்டி அனேகமாக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். ஒன்றரை அடி மீன், ஒரு அடி அகலத் தொட்டிக்குள் எப்படித் திரும்பும்?

“தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்” என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறு. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றுவது, கழிவு கலந்த தண்ணீரில் கிடந்து நோஞ்சானாகிப் போவதால்தான்.

பெரிய மீனுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி வேண்டும். சுமார் 680 லிட்டர். தண்ணீர் எடை மட்டும் 680 கிலோ! கண்ணாடி, கல், மண், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் தனிக் கணக்கு. மாடி வீட்டில் குடியிருப்பவர் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? வீட்டுக்காரர்தான் விடுவாரா?

ஏரிக்குப் போகும் பாதை

இங்கேதான் விபரீதம் தொடங்குகிறது.

மீன் முக்கால் அடி ஆகிவிட்டது. ராத்திரியானால் கல்லைப் புரட்டுகிறது, செடியைப் பிடுங்குகிறது. வீட்டில் புகார். கொல்ல மனசு வரவில்லை. “பாவம், உயிராச்சே” என்று ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போய், பக்கத்து ஏரியிலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் செய்த திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

விட்டது ஒரு மீன்தான். ஆனால் அப்படி விட்டவர் ஒருவர்தானா?

சென்னை கலர் மீன் ஊர். 1985-ல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டில் கிளி, புறாவோடு கலர் மீனும் விற்ற காலத்திலிருந்தே இந்த ஆசை உண்டு. இன்றைக்குக் கொளத்தூர் வட்டாரம் வண்ண மீன் வியாபாரத்துக்கும் வளர்ப்புக்கும் பேர் போனது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. தொழிலில் குற்றம் இல்லை. வாங்கியவர் கொண்டுபோய் விடும் இடத்தில்தான் கோளாறு.

செம்பரம்பாக்கம் ஏரியிலும், கொளத்தூரை ஒட்டிய ரெட்டேரியிலும் வெளிநாட்டு வண்ண மீன்கள் குடியேறிவிட்டதை ஆய்வாளர்கள் 2010-லேயே எழுதிவிட்டார்கள். கவச மீன் இனங்கள் திருவனந்தபுரம் கால்வாயிலும், கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்திலும் பிடிபட்டிருக்கின்றன. 2020-ல் காசியில் கங்கையிலும் ஒன்று சிக்கியது. அமேசான் எங்கே, காசி எங்கே!

வெள்ளமும் இதற்குத் துணை. பெருமழை வந்தால் பண்ணைக் குளம், கால்வாய், ஏரி எல்லாம் ஒன்றாகிவிடும். 2015 டிசம்பரில் பார்த்தோமே! அப்படிப்பட்ட நாளில் மீனுக்கு எல்லையும் இல்லை, வேலியும் இல்லை.

வலை கிழியுது!

தொட்டியில் சாதுவாக ஒட்டிக்கொண்டிருக்கும் மீன் ஏரியில் என்ன செய்யும்?

ஒன்று, கரையில் வளை தோண்டும். மூன்றடி ஆழம் வரைகூடப் போகும். அதற்குள் முட்டையிட்டு ஆண் மீன் காவல் இருக்கும். பெரிய பெண் மீன் ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடும். வளைகள் பெருகினால் மண்கரை பொலபொலவென்று சரியும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கால்வாய்க் கரைகள் இப்படித்தான் பாதிக்கப்பட்டன. ஏரிக்கரையை நம்பி இருக்கும் நம் ஊருக்கு இது சாதாரண விஷயமா?

இரண்டு, அடித்தளத்துப் பாசியையும் மட்கிய பொருளையும் சுரண்டித் தின்றுவிடும். நம் ஊர் மீன் குஞ்சுகளுக்கு உணவு குறையும். சுரண்டுகிற வாயில் மற்ற மீன்களின் முட்டையும் போகும்.

மூன்று, வலை. துடுப்பு முள் வலையில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. கண்ணி அறுந்துவிடும். பிடித்தாலும் நம் ஊர்ச் சந்தையில் கேட்பார் இல்லை. கவசத்தை உரித்தால் உள்ளே இருக்கும் சதை கொஞ்சம்தான். வலை வாங்க வட்டிக்குக் கடன் பட்டவருக்கு விராலும் கெண்டையும் விழ வேண்டிய இடத்தில் இது விழுந்தால் எப்படி இருக்கும்?

மெக்சிகோ நாட்டில் இன்பியர்னிய்யோ என்ற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சிலேபி மீன் பிடித்துச் செழித்த இடம். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வலையை இழுத்தால் பெரும்பாலும் இந்தக் கவச மீன்தான்! மீனவர் பிழைப்பு ஆட்டம் கண்டது. அங்கே இதற்கு வைத்த பெயர் ‘சாத்தான் மீன்’.

பிலிப்பைன்சில் லகுனா ஏரியில் இதே கதை. அங்கே இதன் பெயர் ‘துப்புரவு மீன்’. பெயரில்தான் துப்புரவு!

போர்ட்டோ ரிக்கோ தீவில் கூழைக்கடாப் பறவைகள் இந்த மீனை விழுங்கப் போய், முள் தொண்டையில் குத்தி மூச்சடைத்துச் செத்தது பதிவாகி இருக்கிறது. பக்கத்து நாடான வங்காளதேசம் 2023-ல் இந்த மீனுக்குத் தடையே போட்டுவிட்டது.

பிறந்த ஊரில் விருந்து

இவ்வளவும் படித்துவிட்டு மீனைத் திட்ட வேண்டாம். அதன் மேல் குற்றம் இல்லை.

சொந்த ஊரில் அது நல்ல பிள்ளை. அமேசானில் முதலை இனங்களும், நீர்நாயும், பெரிய மீன்களும் அதைத் தின்று கட்டுக்குள் வைக்கின்றன. மனிதர்களும் விடுவதில்லை. பிரேசில் நாட்டு மனாவ்ஸ் நகரத்தில் இதை ஓட்டோடு சுட்டு, பிளந்து, உள்ளே இருக்கும் சதையை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். பாரா மாநிலத்தில் சதையை உலர்த்தி மாவாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் கருவாடு மாதிரி!

இதே குடும்பத்தில் ‘ஜீப்ரா பிளெகோ’ என்று ஒன்று. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குட்டி மீன். பிரேசிலின் ஷிங்கு ஆற்றைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அந்த ஆற்றில் பெலோ மோன்டே அணை 2016-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆற்றின் போக்கு மாறியதில் அந்த மீனின் பாடு திண்டாட்டம். 2022-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

ஒரே குடும்பம். ஒருவர் சொந்த ஊரிலேயே அழிகிறார். இன்னொருவர் அயலூரில் போய்ப் பெருகுகிறார். இரண்டுக்கும் காரணம் மனிதன்!

வேறு மீன் இல்லையா?

பாசிக்கு மீன் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது.

‘பிரிஸ்டில்நோஸ்’ என்று கேளுங்கள். இதுவும் தென் அமெரிக்காதான், இதே குடும்பம்தான். ஆனால் 4 முதல் 6 அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆண் மீனுக்கு முகத்தில் மீசை முளைத்த மாதிரி தூரிகை இருக்கும். கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் பாசியை நன்றாகத் தின்னும். ஒரு பானை ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள்ளே முட்டையிடும். அப்பா மீன் பக்கத்திலேயே இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் காக்கும். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி!

இதற்கும் 2 அடித் தொட்டி குறைச்சல்தான். இரண்டரை, மூன்று அடித் தொட்டி உத்தமம்.

இன்னொன்று, பாசி வருவதே வெளிச்சமும் மிச்சத் தீனியும் அதிகமானால்தான். ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். விளக்கை 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனி போடுங்கள். மீதிப் பாசியைத் தேய்க்க ஒரு ஸ்பாஞ்சு போதும். அதற்குச் சாப்பாடும் வேண்டாம், அது வளரவும் வளராது!

ஏற்கெனவே இருந்தால்?

வீட்டில் ஏற்கெனவே பெரிய ‘டேங்க் கிளீனர்’ இருந்தால் என்ன செய்வது?

* வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பணம் வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.
* பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.
* பிடிக்கும்போது வலை போடாதீர்கள். முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டி எடுங்கள். கையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* ஏரி, குளம், ஆறு, கால்வாய், கோயில் தெப்பம் எதிலும் விடக் கூடாது. ஒன்றே ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது.
* மீன் செத்துவிட்டால் மண்ணில் புதையுங்கள்.

அடுத்த தடவை கடையில் “ஒண்ணு போட்டுக்குங்க சார்” என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எவ்வளவு பெருசு ஆகும்?”

பதில் சரியாக வரவில்லை என்றால், பையைக் கட்ட விடாதீர்கள்!